சூரியன் பக்கத்தில் வருவதில்லை: பருவங்கள் மாறுவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த நாட்களில்தான் ஊட்டியில் விடியற்காலைப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். சென்னையில்கூட மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களைப் பார்க்கலாம். ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனை விட்டு மிகத் தள்ளி இருக்கிறது. அப்போது லண்டனிலும் டோக்கியோவிலும் கோடைக்காலம்.

இதைச் சொன்னால் பலர் நம்பத் தயங்குகிறார்கள். கத்திரி வெயிலில் பேருந்துக்காக நிற்கும்போது "சூரியன் பக்கத்துல வந்துடுச்சு போல" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், பருவம் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்குத் தன் நோட்டில் இதையேதான் எழுதி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். 1987இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளன்று அங்கியோடு நின்றவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் சொன்ன பதிலும் தூரம்தான்.

அடுப்புக்குக் கிட்டே போனால் சுடுகிறது, தள்ளிப் போனால் சுடுவதில்லை. அந்த அனுபவத்தை நாம் அப்படியே வானத்துக்குக் கொண்டுபோகிறோம். அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது.

தூரம்தான் காரணம் என்றால்

பூமி சூரியனைச் சுற்றிவரும் வழிக்குச் சுற்றுப்பாதை என்று பெயர். அது முழு வட்டம் இல்லை, லேசாக நசுங்கிய வட்டம். ஜனவரியில் சூரியனுக்கும் நமக்கும் இடையே சுமார் 14.7 கோடி கிலோமீட்டர்; ஜூலையில் சுமார் 15.2 கோடி. 50 லட்சம் கிலோமீட்டர் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் மொத்தத் தூரத்தில் அது 3 சதவீதம்தான். பூமி முழுவதற்கும் கிடைக்கும் வெயிலில் இதனால் ஏறத்தாழ 7 சதவீத ஏற்ற இறக்கம் வருகிறது. அந்த ஏற்றமும் ஜனவரியில், நாம் போர்வையைத் தேடும் மாதத்தில் வருகிறது.

இதைவிட எளிய சான்று ஒன்று உண்டு. டிசம்பரில் டொரண்டோவில் இருக்கும் சித்தப்பா வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியை அள்ளிக்கொண்டிருப்பார். அதே வாரம் மெல்போர்னில் இருக்கும் அத்தை வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே பூமியில், சூரியனிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கிறார்கள். தூரம் காரணமாக இருந்தால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கோடை வந்து, ஒரே நேரத்தில் குளிர் வந்திருக்க வேண்டும்.

ஈர்க்குச்சியில் குத்திய ஆரஞ்சு

பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. வட துருவத்தில் நுழைந்து தென் துருவத்தில் வெளிவரும்படி ஒரு குச்சி செருகியிருப்பதாகவும், அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு பூமி சுழல்வதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கற்பனைக் குச்சிதான் அச்சு. சுற்றுப்பாதையை ஒரு மேசைப் பலகை என்று வைத்துக்கொண்டால், அச்சு அந்தப் பலகைமேல் நேராக நிற்கவில்லை. 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. பருவங்களின் கதை முழுவதும் இந்தச் சாய்விலிருந்து தொடங்குகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலில் விளக்கை வைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தில் ஈர்க்குச்சியைக் குத்தி, லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். குச்சியின் மேல்முனை சமையலறைப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். இப்போது விளக்கைச் சுற்றி நடங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் எங்கே நின்றாலும் குச்சி சமையலறைப் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும்.

விளக்குக்கு இந்தப் பக்கமும் சமையலறை அந்தப் பக்கமுமாக நிற்கும்போது, பழத்தின் மேல்பாதி விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதுதான் வட பாதிக்குக் கோடை. சுற்றிவந்து சமையலறை ஓரமாக நின்றால், அதே சாய்வு, ஆனால் மேல்பாதி விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அது வட பாதிக்குக் குளிர்காலம், தென் பாதிக்குக் கோடை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இரு இடங்களில் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வெளிச்சம் சமமாக விழும்.

வானத்தில் சமையலறையின் இடத்தில் இருப்பது துருவ நட்சத்திரம். பூமியின் அச்சு ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட அதை நோக்கியே இருக்கிறது. பூமி ஆறு மாதம் ஒரு பக்கமும் ஆறு மாதம் மறுபக்கமும் ஆடிச் சாய்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஆடுவதே இல்லை. சாய்வு அதேதான், நாம் நிற்கும் இடம்தான் மாறுகிறது.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பம் எட்டிப் பார்க்கும்: "சரி, சாய்ந்த பாதி சூரியனுக்குக் கிட்டே போய்விடுகிறது, அதனால்தானே சூடு?" சாய்வால் இரு துருவங்களுக்கும் இடையே வரும் தூர வித்தியாசம் சுமார் 5,000 கிலோமீட்டர். 15 கோடி கிலோமீட்டரோடு ஒப்பிட்டால், 30 மீட்டர் தள்ளி எரியும் அடுப்பை நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்வது போல. அதனால் உடம்பில் சூடு ஏறாது.

ஒரு கரண்டி மாவு

அப்படியானால் சாய்வு என்னதான் செய்கிறது? அடுப்படிக்குப் போவோம். ஒரு கரண்டி மாவை எடுத்துத் தேய்க்காமல் ஊற்றினால் ஊத்தப்பம், கனமாக வரும். அதே ஒரு கரண்டியைக் கல் முழுக்கத் தேய்த்தால் தோசை, மெல்லிசாக வரும். மாவின் அளவு ஒன்றுதான், பரவிய இடம்தான் வேறு.

வெயிலும் அப்படித்தான். சூரியன் நேர் உச்சியில் இருந்தால் வெயில் குறுகிய இடத்தில் கனமாக விழுகிறது. சூரியன் தாழ்வாக இருந்தால் அதே அளவு வெயில் சரிந்து விழுந்து, அதிக இடத்தில் மெல்லிசாகப் பரவுகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, உச்சியில் இருக்கும்போது விழுவதைப்போல இரண்டு மடங்கு பரப்பில் வெயில் பரவும். அதாவது ஒவ்வோர் அடி நிலத்துக்கும் பாதிதான் கிடைக்கும்.

இரண்டாவதாக, பகலின் நீளம். தோசை எவ்வளவு நேரம் கல்லில் கிடக்கிறது என்பதும் முக்கியம் இல்லையா? சூரியனை நோக்கிச் சாய்ந்த பாதியில் பகல் நீள்கிறது. ஜூன் கடைசியில் லண்டனில் பகல் 16 மணி நேரத்தையும் தாண்டும். டிசம்பர் கடைசியில் 8 மணி நேரம்கூட இருக்காது.

ஆண்டில் நான்கு நாட்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஜூன் 21ஐ ஒட்டி, நண்பகல் சூரியன் கடகரேகைக்கு நேர் மேலே நிற்கும். நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகல். டிசம்பர் 21 அல்லது 22இல் மகரரேகைக்கு மேலே. நமக்கு மிகக் குறுகிய பகல். இந்த இரண்டும் கதிர்த்திருப்ப நாட்கள். சூரியன் வடக்கேயோ தெற்கேயோ அதற்குமேல் போகாமல் திரும்புவதால் இந்தப் பெயர். இடையில் மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 22ஐ ஒட்டியும் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. அவை சம இரவு நாட்கள். எல்லா ஊரிலும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அச்சு சாய்ந்திருக்கிறது, சாய்வின் திசை மாறுவதில்லை. பூமி சுற்றிவரும்போது வட பாதியும் தென் பாதியும் மாறி மாறிச் சூரியனைப் பார்க்கின்றன. எந்தப் பாதி பார்க்கிறதோ அங்கே வெயில் கனமாகவும் நீண்ட நேரமும் விழுகிறது.

அணைத்த பிறகும் ஆறாத கல்

நேர்ப்பார்வைக்கு ஒரு முரண். வட பாதிக்கு அதிக வெயில் கிடைப்பது ஜூன் 21இல். ஆனால் லண்டனில் அதிகச் சூடு ஜூலையில். டிசம்பர் 21 மிகக் குறுகிய பகல், ஆனால் கடும் குளிர் ஜனவரியில்.

ஒரு நாளிலேயே இதைப் பார்க்கிறோம். சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி வாக்கில், சூடு தாங்க முடியாமல் போவது 2, 3 மணிக்கு. தரையும் சுவரும் கடலும் வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தர நேரம் எடுக்கின்றன. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவது போல. உச்சி வெயில் கடந்த பிறகும், வரும் வெப்பம் போகும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும்.

சென்னைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் 24 வாக்கில். அக்னி நட்சத்திரம் தொடங்குவது மே 4 வாக்கில், முடிவது மே 28 வாக்கில். அந்த நாட்கள் பஞ்சாங்கக் கணக்கில் குறிக்கப்பட்டவை, வெப்பமானியைப் பார்த்துக் குறித்தவை அல்ல. இருந்தாலும் சூடு தேங்கி ஏறும் காலத்தோடு நன்றாகவே பொருந்துகின்றன. ஜூன் தொடக்கத்தில்கூடச் சென்னையில் அனல் அடிப்பதுண்டு. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசி, கடல்காற்றை உள்ளே வரவிடாமல் தடுக்கும் நாட்கள் அவை. மதியம் கடல்காற்று நுழைந்துவிட்டால் சூடு சட்டென்று இறங்குவதைச் சென்னைவாசிகள் மணி சொல்லிக் காட்டுவார்கள்.

லண்டன் கணக்கும் சென்னைக் கணக்கும்

பள்ளியில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்களைப் படித்தோம். அப்புறம் சன்னலுக்கு வெளியே பார்த்தால் ஒன்றும் பொருந்தாது. நம் ஊரில் ஏதோ குறை இருப்பது போல ஒரு நினைப்பு குழந்தைகளுக்கு வந்துவிடுகிறது. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்த நான்கும் நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் நாடுகளின் பருவங்கள்.

எண்களைப் பாருங்கள். லண்டனில் ஜூன் நண்பகல் சூரியன் 62 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பரில் வெறும் 15 டிகிரி. ஒவ்வோர் அடி நிலத்துக்கும் கிடைக்கும் நண்பகல் வெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பகலும் பாதியாகிறது. மரங்களுக்கு அது பெரிய அடி. வெளிச்சமும் குறைந்து, குளிரும் ஏறுவதால் பல மரங்கள் இலையை மஞ்சளும் சிவப்புமாக்கி உதிர்த்துவிட்டு உறங்கிவிடுகின்றன. ஏப்ரலில் வெளிச்சம் திரும்பும்போது துளிர்க்கின்றன. அதுதான் அவர்களுடைய வசந்தம்.

சென்னையில் டிசம்பர் நண்பகல் சூரியன் 53 டிகிரிக்கும் மேலே நிற்கிறது. ஜூன் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கு அப்போதும் கிடைக்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் இந்த வித்தியாசம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு இருட்டுவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாத விஷயம்.

வெயிலை மட்டும் பார்த்தால் நமக்குப் பருவமே அவ்வளவாக இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆடியும் ஐப்பசியும் ஒன்றா? இல்லவே இல்லை. நமக்குப் பருவத்தைக் கொண்டுவருவது காற்று. அந்தக் காற்றைக் கிளப்பிவிடுவதும் அதே 23.4 டிகிரிச் சாய்வுதான்.

சாய்வு காற்றாகிறது

மெரினாவில் மதியம் செருப்பில்லாமல் நின்றால் மணல் பொசுக்கும். நான்கு எட்டு வைத்துத் தண்ணீரில் இறங்கினால் குளிரும். இரண்டின்மேலும் விழுவது ஒரே வெயில். நிலம் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். பகலில் சூடான நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் இது தலைகீழ்.

இதே விஷயம் ஒரு கண்டத்தின் அளவில், ஒரு நாளுக்குப் பதிலாக ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டு நடந்தால் அதற்குப் பெயர் பருவக்காற்று. மார்ச்சுக்குப் பிறகு சூரியன் வடக்கே வர, வட இந்திய நிலப்பரப்பு காய்ந்து கொதிக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைகிறது. தெற்கே பரந்து கிடக்கும் இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று அதை நோக்கி ஓடிவருகிறது. பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் அந்தக் காற்று வலப்பக்கம் வளைந்து, தென்மேற்கிலிருந்து வந்து நம்மைத் தொடுகிறது. கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை இதுதான்.

கேரளத்தில் கொட்டுகிற மழை தமிழ்நாட்டில் ஏன் கொட்டுவதில்லை? நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலைமேல் ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. ஈரத்துணியைப் பிழிந்தது போல மேற்குச் சரிவிலேயே நீரைக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. மலைக்குப் பின்னால் மழை கிடைக்காமல் போகும் இப்படிப்பட்ட இடத்தை மழை மறைவுப் பகுதி என்பார்கள். மலையில் இடைவெளி உள்ள இடங்களில் மட்டும் கொஞ்சம் கசியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கும், செங்கோட்டைப் பக்கம் தென்காசிக்கும் வரும் சாரல் அப்படிப்பட்டது. குற்றாலத்தின் சீசன் ஜூனில் தொடங்குவது இதனால்தான்.

செப்டம்பர் சம இரவு நாள் கடந்து சூரியன் தெற்கே போகிறது. இப்போது ஆசியாவின் வட பகுதி ஆறத் தொடங்குகிறது, கடல் இன்னும் சூடாக இருக்கிறது. காற்று திசை திரும்பி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. நிலத்தின்மேல் வரும்போது வறண்ட காற்றுதான். வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது நீரை முகந்துகொண்டு தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இறக்குகிறது. அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் வரை நீளும் இந்த வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி. யாழ்ப்பாணத்தில் தென்மேற்கிலிருந்து வருவதைச் சோளகம் என்றும், வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பெயர் சொல்லியே பிரிக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்த ஒரு மழையை நம்பியிருப்பதால் அது தவறினால் தாங்குவது கடினம். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அடுத்த ஆண்டு கோடை முழுவதும் குடத்தோடு நின்றோம்.

மறுபடி ஒருமுறை: சாய்வால் சூரியன் வடக்கும் தெற்குமாக நகர்வது போலத் தெரிகிறது, சூடு எங்கே தேங்குகிறது என்பது அதனால் மாறுகிறது, சூடு தேங்கிய பக்கம் காற்று ஓடுகிறது, காற்று எந்தக் கடலைக் கடந்து, எந்த மலையில் மோதுகிறது என்பதைப் பொறுத்து மழை.

நம் ஆறு பருவங்கள்

பழைய தமிழர்கள் ஆண்டை ஆறாகப் பிரித்து, இரண்டிரண்டு மாதத்துக்கு ஒரு பெயர் வைத்து, அவற்றைப் பெரும்பொழுது என்றார்கள். மேலே பார்த்த காற்றை வைத்துக்கொண்டு அந்த ஆறையும் பார்த்தால் அவற்றின் கணக்கு புரியும்.

கார்: ஆவணி, புரட்டாசி. பகலெல்லாம் புழுக்கம், மாலையில் கருத்துவந்து இடியோடு மழை. பகலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, மேகமாகி, சாயங்காலத்தில் கொட்டுகிறது. ஒரு தெருவில் பெய்து பக்கத்துத் தெருவை விட்டுவிடும் மழை இது.

கூதிர்: ஐப்பசி, கார்த்திகை. வாடை வீசும், நாள் கணக்கில் வானம் மூடிக் கிடக்கும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது சும்மா எதுகைக்குச் சொன்னது இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் உருவாகும் காலமும் இதுதான். "கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை" என்று ஒரு சொலவடை உண்டு. பெரும்பாலும் சரிதான். ஆனால் 2023இல், மார்கழி பிறந்த டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தமிழ்நாட்டில் சராசரியாக ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையை ஒட்டிய அளவு அது. அந்தச் சொலவடையை நம்பிப் பாதுகாப்பாக இருந்துவிட முடியாது.

முன்பனி: மார்கழி, தை. மேகம் ஒரு போர்வை. அது இருந்தால் நிலத்தின் சூடு இரவில் வெளியே போகாமல் கொஞ்சம் தங்கும். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் போர்வை விலகிவிடுகிறது. நீண்ட இரவில் நிலம் நன்றாக ஆறுகிறது. காற்றில் இருக்கும் ஈரம் புல்லிலும் கூரையிலும் துளியாகப் படிகிறது. மார்கழிக் கோலத்தின் ஓரத்தில் பரங்கிப்பூ வாடாமல் நிற்பது இந்தக் குளிரில்தான். டெல்டாவில் சம்பா அறுவடைக்கு வருவதும் இப்போது. கதிர் முற்றும்போது மழை இல்லாத வெயில் வேண்டும்.

பின்பனி: மாசி, பங்குனி. இராவின் முற்பகுதியிலேயே பனி இறங்குவது முன்பனி, பின்னிரவில் இறங்குவது பின்பனி என்று பொருள் சொல்வார்கள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்." காலையில் குளிர், மதியம் சுள்ளென்ற வெயில். எனக்கு மிகப் பிடித்த பருவம் இது. நம்முடைய இலையுதிர்காலமும் இதுதான். வேம்பும் அரசும் இலையைக் கொட்டுவதைத் தெருவிலேயே பார்க்கலாம். ஐரோப்பிய மரம் குளிருக்கும் குறைந்த வெளிச்சத்துக்கும் அஞ்சி உதிர்க்கிறது. நம் மரம் வரப்போகும் வறட்சிக்கு முன் தண்ணீரை மிச்சம் பிடிக்க உதிர்க்கிறது. சில வாரத்தில் அரசமரம் செம்பு நிறத்தில் துளிர்விட்டு மினுங்கும்.

இளவேனில்: சித்திரை, வைகாசி. வேப்பம்பூ, சரக்கொன்றை, நுங்கு, மாம்பழம். பெயர் மென்மையாக இருந்தாலும் நம் ஊரில் வெயில் உச்சத்தில் இருப்பது இந்த மாதங்களில்தான். இடையிடையே மாலையில் வந்து போகும் கோடைமழையை மாஞ்சாரல் என்பார்கள்.

முதுவேனில்: ஆனி, ஆடி. சூரியன் வடகோடிக்குப் போய்த் திரும்புகிறது. மலையைத் தாண்டி வரும் உலர்ந்த மேல்காற்று, அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் காலம். இந்தப் பருவத்தில் நான் வியப்பது ஒன்று உண்டு. தென்மேற்கு மழை தஞ்சாவூரில் அதிகம் பெய்வதில்லை, ஆனால் குடகு மலையில் பெய்து காவிரியாக வந்து சேர்கிறது. வானம் வெறித்திருக்கும்போது ஆற்றில் புதுவெள்ளம்! ஆடிப்பெருக்கு கொண்டாடுவது அதைத்தான். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது, அடுத்து வரும் காரையும் கூதிரையும் நம்பி.

தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும்

தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது, அன்று உத்தராயணம் தொடங்குகிறது என்று கேட்டிருப்போம். வானத்தில் சூரியன் உண்மையில் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல், அதாவது மார்கழி முதல் வாரத்தில். முன்னோர் தப்பாகக் கணக்குப் போட்டார்களா? இல்லை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில்தான் வந்தன.

சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரம் வேகம் குறையும்போது அதன் தலை மெதுவாக வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூமியின் அச்சும் அப்படி வட்டமடிக்கிறது. ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். சாய்வின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும், அது பார்க்கும் திசைதான் மிக மெதுவாக நகரும். ஆகவே முன்னே சொன்ன துருவ நட்சத்திரமும் நிரந்தரம் இல்லை, ஒரு மனித ஆயுளில் அது தெரியாது, அவ்வளவுதான். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதத்தைக் கணக்கிடுகிறது. பருவமோ அச்சின் சாய்வைப் பின்பற்றுகிறது. இதனால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்று இரண்டும் விலகி, இன்று மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி விழுந்திருக்கிறது.

நிழலில்லா நாள்

இவ்வளவையும் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு நேரான குழாயையோ, நிமிர்த்தி வைத்த பாட்டிலையோ நட்டுவைத்து நண்பகலில் அதன் நிழலைக் கவனியுங்கள். டிசம்பரில் நிழல் வடக்கே விழும். வாரம் போகப் போகக் குறுகிக்கொண்டே வந்து, ஒருநாள் காணாமல் போகும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 11 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், சென்னையில் 24 வாக்கில். மறுநாளிலிருந்து நிழல் தெற்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சென்னையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. என் வீட்டில் வடக்குப் பார்த்த சன்னல் வழியாக ஜூனில் வெயில் உள்ளே வந்து விழுவதைப் பல ஆண்டுகள் பார்த்தும், ஏன் என்று யோசிக்காமலே இருந்திருக்கிறேன்.

கடிகாரம் 12 காட்டும்போது சரியாக நடக்காது; சென்னையில் சில நிமிடம் கழித்து, மேற்கே போகப் போக இன்னும் சற்றுத் தாமதமாக நடக்கும். கால் மணி நேரம் முன்பே மாடிக்குப் போய்விடுங்கள், பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஏப்ரலில் தவறிவிட்டால் சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை வரும். அப்போது கார்காலத்து மேகம் மறைக்காமல் இருக்க வேண்டும்.